ஒப்பனைப் பெட்டிக்குள் ஒரு பெயர்

1931-ஆம் வருடம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாரீஸில் தாம்பிள் தெருவை ஒட்டிய சந்தில், மூன்றாம் மாடியில் இருந்த தெலோர்ம் பட்டறைக்கு ஓர் ஒப்பனைப் பெட்டி பழுதுபார்க்க வந்தது. ஆறு வருடத்துக்கு முன் அங்கேயே செய்து விற்ற பெட்டிதான். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே கறுப்பு அரக்குப் பூச்சு, மூடியின் நடுவில் பச்சைக்கல்லில் செதுக்கிய இலை, ஓரத்தில் பவளம். ஒரு சின்னச் சங்கிலி, அதன் நுனியில் விரலில் மாட்டிக்கொள்ள ஒரு மோதிரம். திறந்தால் உள்ளே எல்லாம் தங்கம். முகப்பவுடருக்கு ஒரு அறை, உதட்டுச்சாயத்துக்கு ஒரு குழல், நாலு சிகரெட்டுக்கு இடம், மூடியின் உட்புறத்தில் ஒரு கண்ணாடி. நடனத்துக்குப் போகிற பணக்காரப் பெண்கள் வேறு எதையும் கையில் எடுத்துப்போக வேண்டியதில்லை.

மெருகு போடும் அறையில் இருந்த நாலு பெண்களில் ஓதீலுக்கு அதைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அதன் கீல் அன்செல்ம் செய்தது.

முதலாளி தெலோர்ம் பெட்டியை அவள் முன் வைத்தார். "அரக்கு பெயர்ந்த இடத்தைச் சரிபண்ணியாச்சு. உள்ளே புதுசு மாதிரி ஆகணும். கண்ணாடியைக் கழட்டி அடியிலயும் தேய். அந்தம்மா சனிக்கிழமை புவனஸ் அயர்ஸுக்குக் கப்பல் ஏறுறாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அவங்க கையில இருக்கணும்."

"சரி, முசியே."

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவள் விரல்கள் ஒரு நிமிடம் வேலை மறந்தன. அன்செல்ம் போனதும் அந்த ஊருக்குத்தான்.

கண்ணாடியை மெல்ல நெம்பி எடுத்தாள். பழுதுபார்க்கிறவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் தேதியும் தங்கள் பேரின் முதலெழுத்தும் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். யார் எப்போது கைவைத்தது என்று அடுத்தவனுக்குத் தெரிய வேண்டும். அப்படி ஏதோ ஒரு கீறல் இருந்தது. ஆனால் ஒரு வரி நீளத்துக்கு இருந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

'ஓதீல். லிபெர்தாத் தெரு 482. இருக்கிறேன். அ. மார்ச் 1930.'

மறுபடி படித்தாள். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு அது ஒரு முடி விழுந்த மாதிரி இருந்தது.

அன்செல்ம் அந்தப் பட்டறையில் எட்டு வருடம் கீல் வேலை செய்தவன். அவன் செய்த கீலை மூடினால் எங்கே இருக்கிறதென்று தெரியாது, திறந்தால் சத்தம் கேட்காது. ஒவ்வொரு பெட்டியையும் அவனே மெருகு அறைக்கு எடுத்துவந்து ஓதீலிடம் கொடுத்து, கீலின் இடுக்கில் அவள் நூலை விட்டுத் தேய்ப்பதைத் தேவைக்கு மேல் நின்று பார்ப்பான். 1926-இல் முதலாளியோடு பெரிய சண்டை. அவனுடைய கீல் முறையை முதலாளி தன் பேரில் பதிவு செய்துகொண்டார் என்று இவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். அந்த வாரமே வேலை போயிற்று. பாரீஸில் வேறு எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. ஒரு வருடத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிக் கப்பல் ஏறினான். ஆறு கடிதம் வந்தது. அதற்குள் ஓதீலின் அம்மா இறந்து, வாடகை கட்ட முடியாமல் அவள் பெல்வீல் பகுதியில் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். புது முகவரியை எழுதி அனுப்பினாள். அதற்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் எதுவுமே இல்லை. செத்துவிட்டான் என்று சில நாளும், யாரையோ கட்டிக்கொண்டான் என்று சில நாளும் நினைத்துக்கொள்வாள். எது தேவலை என்று அவளால் முடிவுகட்ட முடிந்ததில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மேன் எட்டிப் பார்த்தாள். "என்னடி, பெட்டிக்குள்ள பூச்சி ஏதும் இருக்கா?"

ஓதீல் பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். ஜெர்மேன் படித்துவிட்டு வெகுநேரம் நிமிரவில்லை.

"இருக்கானாமே," என்றாள் கடைசியில். "பெரிய மனுஷன். ஒரு தபால்தலை வாங்கத் துப்பில்ல, தங்கத்துல எழுதுறான்."

"மார்ச் 1930. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ஒரு வருஷம் இதை அந்தம்மா விரல்ல மாட்டிக்கிட்டு ஆடிருக்கு, உள்ள உன் பேரு இருக்கிறது தெரியாம." ஜெர்மேன் குரலைத் தாழ்த்தினாள். "தேய்க்கச் சொன்னாரே, என்ன செய்யப்போற?"

ஓதீல் அந்த வரியைச் சுற்றி மட்டும் தேய்த்தாள். தங்கம் பளபளவென்று ஆனது. நடுவில் அரிசி அகலத்துக்கு ஒரு மங்கல் பட்டை நின்றது. கண்ணாடியை அதன்மேல் பொருத்தி அழுத்தினாள். பதினாலு வருடத்தில் முதலாளி சொன்ன வேலையை அவள் முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே தபால் நிலையத்தில் நின்றுகொண்டு கடிதம் எழுதினாள். எழுத நிறைய இருந்ததால் நாலு வரிதான் வந்தது. பெட்டி கைக்கு வந்தது, நானும் இருக்கிறேன், கல்யாணம் ஆகவில்லை, இது என் முகவரி. வாங்கிப் பார்த்த குமாஸ்தா, "சனிக்கிழமைக் கப்பல்லதான் போகும்," என்றார். போக மூன்று வாரம், வர மூன்று வாரம். முகவரியோ ஒரு வருடத்துக்கு முந்தையது. அவள் வீட்டுக்கு நடந்தே போனாள்.

வியாழக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது முதலாளியின் மனைவி. "நான் கொண்டுபோறேன், முசியே. வீட்டுக்குப் போற வழிதான்," என்றாள் ஓதீல். அது வழியே இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வண்டிக்கூலி மிச்சம்.

ஹோட்டல் அறை முழுக்கத் திறந்த பெட்டிகளும் துணிக்குவியலும். நடுவில் டோன்யா எர்சீலியா, நாற்பத்தைந்து வயது, கணவனை இழந்து ஒரு வருடம் ஆனவள், ஒற்றைக் காலுறையோடு நின்றுகொண்டிருந்தாள். ஒப்பனைப் பெட்டியை வாங்கித் திறந்து, முகத்தைப் பார்த்து, மூடினாள்.

"நல்லா இருக்கு. இந்த ஊர்ல உருப்படியா நடந்த ஒரே காரியம் இதுதான். என் பணிப்பெண் காலையில ஓடிட்டா. கீழே சாப்பாட்டுக்கூடத்துல பரிமாறுறவனோட. போகிறபோது என் காலுறையையும் போட்டுக்கிட்டுப் போயிருக்கா."

ஓதீல் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாசல்வரை வந்தவள் திரும்பி நின்றாள்.

"மதாம், அந்த இடத்துக்கு நான் வரட்டுமா?"

டோன்யா எர்சீலியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மெருகுப்பொடியின் சிவப்பு ஏறிய நகங்களில் பார்வை நின்றது.

"தைக்கத் தெரியுமா?"

"பட்டன் தைப்பேன்."

"முடி அலங்காரம்?"

"தெரியாது, மதாம்."

"அப்ப என்னதான் தெரியும்?"

"தேய்க்கத் தெரியும்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பல்ல வாந்தி எடுப்பியா?"

"கப்பலையே பார்த்ததில்ல, மதாம்."

"பொய் சொல்ல மாட்டேங்கிற. அது போதும், மத்தது பழகிக்கலாம். ஆனா ஒரு வருஷம் இருக்கணும். நடுவுல எவனோடயாவது ஓடினா, திரும்பி வர்ற செலவு உன்னோடது."

தூதரகத்தில் அந்த அம்மாள் சொன்ன ஒரு வார்த்தையில் வெள்ளிக்கிழமை மதியம் காகிதங்கள் கைக்கு வந்தன. பட்டறையில் கணக்கை முடித்துக்கொண்டு வந்தபோது ஜெர்மேன் மாடிப்படியில் காத்திருந்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு," என்றாள். "அங்க அவன் நாலு புள்ளையோட நின்னா?"

"நின்னா பார்த்துட்டு, ஒரு வருஷம் வேலை செஞ்சுட்டு வர்றேன்."

"கடிதம்தான் போட்டிருக்கியே. காத்திருக்கக் கூடாதா?"

"அஞ்சு வருஷம் அதைத்தானே செஞ்சேன்."

ஜெர்மேன் மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஓதீலின் பேருக்கு ஏதாவது தபால் வந்தால் வாங்கி வைத்து அனுப்புவதாகச் சொன்னாள்.

கப்பலில் ஓதீல் முதல் நாலு நாள் வாந்தி எடுத்தாள். ஐந்தாம் நாள் எழுந்து, எஜமானியின் முடியைக் கெடுக்கப் பழகினாள். ஒவ்வொரு சாயங்காலமும் ஒப்பனைப் பெட்டியை நிரப்புவது அவள் வேலை. பவுடரை அழுத்தி வைப்பாள், உதட்டுச்சாயத்தின் முனையைச் சீவுவாள், சிகரெட்டை அடுக்குவாள். பிறகு டோன்யா எர்சீலியா மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு, பெட்டி ஆட ஆட நடனக்கூடத்துக்குப் போவாள். ஓதீல் படிக்கட்டின் மேல் நின்று பார்ப்பாள். அவள் எழுதிய கடிதம் அதே கப்பலின் அடியில் ஏதோ ஒரு தபால் மூட்டையில் கிடந்தது. கடிதமும் அவளும் கடந்தது ஒரே தண்ணீரைத்தான். அவளுக்கு முன்னால் போய்ச் சொல்ல யாருமில்லை. அவன் 'இருக்கிறேன்' என்று எழுதி, பிறகு இல்லாமல் போயிருக்கலாம் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அவள் எஜமானியின் காலணிகளை எடுத்துத் துடைப்பாள். அந்தப் பயணத்தில் அவை மின்னிய மாதிரி அதற்கு முன்போ பின்போ மின்னியதில்லை.

பத்தாவது நாள் எஜமானி கேட்டுவிட்டாள். "நான் கவனிக்கிறேன். என்னைப் பார்க்கிறதைவிட இந்தப் பெட்டியைத்தான் அதிகம் பார்க்கிற. திருடுற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிரு."

ஓதீல் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. டோன்யா எர்சீலியா ஒரு கொண்டை ஊசியை எடுத்துத் தன் கையாலேயே கண்ணாடியை நெம்பினாள். படிக்க முடியவில்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அது அவளிடம் இருப்பதே ஓதீலுக்கு அன்றுதான் தெரியும்.

"போன வருஷம் மார்ச்ல இது ஏன் ரிப்பேருக்குப் போச்சு தெரியுமா? என் புருஷன் தலைக்குக் குறிவெச்சு வீசினேன். தப்பிச்சிட்டான். சுவத்துல பட்டுக் கீல் வளைஞ்சுபோச்சு." அவள் அந்த வரியை மறுபடி பார்த்தாள். "ரெண்டு மாசத்துல மாரடைப்புல போய்ட்டான். கடைசியா அவன் மேல எதையாவது வீசினது அன்னைக்குத்தான். அதுக்கப்புறம் நாங்க பேசிக்கவே இல்ல."

"அந்தக் கடைக்காரரைப் பார்த்தீங்களா, மதாம்?"

"வேலைக்காரன் கொண்டுபோனான், வேலைக்காரன் கொண்டுவந்தான். நான் யாரைப் பார்த்தேன்." கண்ணாடியைப் பொருத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "வியாழக்கிழமை மதியத்துல உனக்கு லீவு. உங்க கதை சரியாப் போனாலும் சரி, போகாட்டியும் சரி, ஒரு வருஷம் ஒரு வருஷம்தான்."

புவனஸ் அயர்ஸில் ஜூன் மாதம் குளிர். ஞாயிற்றுக்கிழமை இறங்கினார்கள். வியாழன் வரை ஓதீல் அந்தப் பெரிய வீட்டில் துணிப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை, காகிதத்தில் எழுதிய எண்ணைப் போலீஸ்காரர்களிடம் காட்டிக் காட்டி லிபெர்தாத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். தெரு நெடுக நகைக்கடைகள். 482 குறுகலான கடை. முன்னால் தொன் பாத்திஸ்தா என்ற வயதான இத்தாலியர் கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். ஓதீல் அன்செல்மின் பேரைச் சொன்னாள். அவர் தலையை அசைத்து உள்ளே கை காட்டினார்.

அன்செல்ம் ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, ஸ்பானிய மொழியில் என்ன வேண்டுமென்று கேட்டான்.

"அன்செல்ம்," என்றாள்.

அவன் கையில் இருந்த அரத்தை அதன் பள்ளத்தில் வைத்தான். அதற்கடுத்த அரத்தையும் எடுத்து நேராக வைத்தான். மூன்றாவதை வைக்கக் கை வரவில்லை.

"உன் கடிதம் திங்கட்கிழமை வந்துச்சு," என்றான்.

"நானும் அதே கப்பல்லதான் வந்தேன்."

"நான் பதில் போட்டுட்டேனே. நேத்துக் கப்பல்ல போயிருக்கும்."

"என்ன எழுதின?"

அவன் எழுந்து அடுப்பில் தண்ணீரை வைத்தான். "இங்க ஒரு கசாயம் குடிப்பாங்க. கசக்கும். எனக்குப் பழகிப்போச்சு." அவளுக்கு ஒரு முக்காலியைத் தன் மேல்துணியால் துடைத்துப் போட்டான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

கசாயம் உண்மையிலேயே கசந்தது. அதைக் குடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. அவளுடைய புது முகவரி அவன் கைக்கு வரவே இல்லை. பழைய வீட்டுக்கு அவன் போட்ட நாலு கடிதம் திரும்பி வந்தன. பட்டறைக்கு இரண்டு போட்டான். அவை திரும்பி வரவும் இல்லை. மெருகு அறையின் தபாலை மதாம் தெலோர்ம் தான் வாங்கிப் பிரித்துக் கொடுப்பாள் என்பதும், அவள் மேசைக்குப் பக்கத்தில் கணப்பு இருந்ததும் ஓதீலுக்கு நினைவு வந்தது.

"அப்புறம்தான் எழுத ஆரம்பிச்சேன்," என்றான். "பாரீஸ் பெட்டி எது கடைக்கு வந்தாலும் நான் கேட்டு வாங்கிக்குவேன். கண்ணாடியைக் கழட்ட வேண்டியிருக்காது, ஆனா கழட்டுவேன். இங்க இருக்கிற அம்மாமாருங்க வருஷா வருஷம் பாரீஸ் போறாங்க. அங்க வெச்சுப் பழுதுன்னா, செஞ்ச இடத்துக்குத்தான் கொடுப்பாங்க. என்னைக்காவது ஒண்ணு உன் மேசைக்கு வரும்னு கணக்குப் போட்டேன்."

"எத்தனை பெட்டி?"

"பதினொண்ணு."

"எல்லாத்துலயும் என் பேரா?"

"பின்ன, மதாம் தெலோர்ம் பேரா எழுதுவேன்?"

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டி வந்தது. தொன் பாத்திஸ்தா முன்கடையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார், அதற்குத் தேவையே இல்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஜமானியோடு நாடக அரங்குக்குப் போனபோது ஓதீல் வாசலில் நின்று பெண்களின் கைகளையே பார்த்தாள். நீலப் பெட்டி, முத்துப் பதித்த பெட்டி, சீனத்து மலை வரைந்த பெட்டி. ஒவ்வொன்றும் மின்னி மின்னி உள்ளே போயிற்று. அவற்றில் எதிலெல்லாம் தன் பெயர் இருக்கிறதோ, எதெல்லாம் எந்தக் காலத்திலும் பாரீஸ் போகாதோ.

வியாழக்கிழமைகள் வந்தன. அவள் கடைக்குப் போவாள். அவன் கொடுக்கும் கீலில் நூலை விட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். ஆறு மணிக்கு அவன் டிராம் நிறுத்தம்வரை வருவான். பேச்சு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இனி என்ன என்று அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் டிராமில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது அவனுக்காக ஏங்கினாள். இப்போது பதினைந்து தெரு தள்ளி இருந்துகொண்டு ஏங்கினாள். இந்த இரண்டாவது ஏக்கத்துக்கு என்ன காரணம் சொல்வது என்றும் தெரியவில்லை. அவன் வேலையை எப்போதும் இடது பக்கமாகவே பிடித்துப் பார்ப்பதைக் கவனித்திருந்தாள். கவனித்ததைச் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஜெர்மேனிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. பட்டறையில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தியும், உள்ளே இன்னொரு உறையும். அன்செல்ம் ஜூனில் பெல்வீலுக்குப் போட்ட பதில். அது பாரீஸ் போய்விட்டுத் திரும்பிவந்திருந்தது.

'ஓதீல், நீ எழுதியதைப் பார்த்தேன். அது எனக்குப் போதும். வராதே. என் வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. போன ஆகஸ்டில் பதினொன்றாவது பெட்டியில் எழுதும்போது கோடு எங்கே போகிறதென்று தெரியவில்லை, அதோடு நிறுத்திவிட்டேன். இடது கண்ணும் எத்தனை நாளைக்கோ. கீல் செய்ய முடியாத நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நல்ல மனிதன் யாராவது கேட்டால் சரி என்று சொல்லிவிடு.'

அவள் அதை இஸ்திரி மேசையில் வைத்து இரண்டு முறை படித்தாள். அதற்கப்புறம் எஜமானியிடம் போய்ப் பேசினாள்.

வியாழக்கிழமை டிராம் நிறுத்தம்வரை ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போய் நின்றதும் சொன்னாள்.

"பாரீஸ்லேர்ந்து உன் கடிதம் வந்துச்சு."

அவன் தொப்பியைக் கழற்றினான். "படிச்சியா?"

"படிச்சேன்."

"அதுல இருக்கிறது நிஜம், ஓதீல். உன்னை நேர்ல பார்த்ததும் சொல்ல வாய் வரல. வாராவாரம் சொல்லணும்னு நினைப்பேன். வியாழக்கிழமை வந்துரும்."

"வராதேன்னு எழுதியிருக்க."

"ஆமா."

"பெல்வீல்ல இருக்கிறவளுக்கு எழுதினது அது. அவ அங்க இல்ல. எப்பவோ புறப்பட்டுட்டா." அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வர்ற மே மாசம் எனக்கு ஒரு வருஷம் முடியுது. அதுக்கு மேல இருக்க மாட்டேன்னு எஜமானியம்மாகிட்ட சொல்லிட்டேன். எவனோட ஓடப்போறன்னு கேட்டாங்க. ஓடலை, பதினஞ்சு தெரு தள்ளி நடந்துதான் போறேன்னு சொன்னேன். தொன் பாத்திஸ்தா மெருகு வேலையை யார்கிட்ட கொடுக்கிறார்?"

"வெளியதான் கொடுக்கிறார். மோசமாச் செய்றாங்க."

"பார்த்தேன். மகா மோசம்."

அவன் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டான். டிராம் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. நாலைந்து பேர் ஏறினார்கள். நடத்துநர் இவளைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். ஓதீல் வேண்டாமென்று கையசைத்தாள். அடுத்த வண்டி வர இருபது நிமிடம் ஆகும்.